முதலில் ஊசி, அப்புறம் டிக்கெட்!

என் கணவர் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் அங்கே போகலாம் என்று அவசர அவசரமாக அக்ராவுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். கிளம்ப எட்டு நாள்தான் பாக்கி. "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் மூச்சுகூட விடவில்லை!

அரசு அங்கீகரித்த மையங்களில்தான் இந்த ஊசி போடுவார்கள். போட்டு 10 நாள் கழித்தே அந்த மஞ்சள் அட்டை செல்லும். அது இல்லாமல் போனால் கானாவுக்குள் விடமாட்டார்கள். திரும்பும்போது இங்கேயும் 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். வேறு வழியில்லாமல் அபராதம் கட்டித் தேதியை மாற்றினேன். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். கர்ப்பிணிகள், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அக்ராவிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம் போனால் கேப் கோஸ்ட் என்ற பழைய நகரம். அங்கே கடலோரக் கோட்டையில், கப்பலேற்றும்வரை அடிமைகளை அடைத்துவைத்த இருட்டறைகள் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனி அறை. பத்து நிமிடம் நின்றதற்கே எனக்கு மூச்சு முட்டியது. கடலைப் பார்த்த வாசலுக்கு 'திரும்பி வராத வாசல்' என்று பெயர். ஆனால் அதன் வெளிப்பக்கத்தில் இப்போது 'திரும்பி வரும் வாசல்' என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பக்கம் போகும் சகோதரிகள் இந்தக் கோட்டையை அவசியம் பாருங்கள். ஆனால் டிக்கெட்டுக்கு முன்னால் ஊசி!

– ஒரு வாசகி, திருச்சி