சுரங்கத்தின் மறுபக்கம்

புதுதில்லி: கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், தில்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் மாலை நேரத்து மணாலிப் பேருந்துகளைச் சுற்றிக் கூட்டம் அலைமோதும். சொந்தக் கார்களில் கிளம்புவோர் தனி. 500 கிலோமீட்டருக்கும் அதிகமான இந்தப் பயணத்தின் நோக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: பனியைக் கையால் தொட்டுப் பார்ப்பது. வெயிலில் வெந்து புழுங்கும் நகரவாசியின் இந்த ஆசையில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், அந்த ஆசையே பனிக்கு எமனாகிறதே என்பதுதான் இமாசலப் பிரதேசத்தைப் பல்லாண்டுகளாக உலுக்கிவரும் கேள்வி.

மணாலியிலிருந்து 51 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 13 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது ரோத்தாங் கணவாய். பியாஸ் நதி பிறப்பது இதன் அருகில்தான். பருவகாலத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் இதன் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்தன. டீசல் புகையில் உள்ள கரித்துகள் பனியின் மேல் படிந்தால், வெள்ளைப் பரப்பு கருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டிய வெயிலை அது உள்வாங்கிக்கொள்கிறது. பனி விரைந்து உருகுகிறது.

இந்த விவகாரத்தை விசாரித்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடுமையான உத்தரவைப் பிறப்பித்தது. நாளொன்றுக்கு 1,000 சுற்றுலா வாகனங்கள் மட்டுமே கணவாய்க்குச் செல்லலாம் என்றது. இந்த எண்ணிக்கை பின்னர் 1,200 ஆக (பெட்ரோல் வாகனங்கள் 800, டீசல் வாகனங்கள் 400) உயர்த்தப்பட்டது. அனுமதிச் சீட்டும் கட்டணமும் கட்டாயமாயின. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தபோது தமிழகத்தில் எழுந்த அதே சலசலப்பு, பத்தாண்டுகளுக்கு முன்பே மணாலியில் எழுந்துவிட்டது.

வாடகைக் கார் ஓட்டுநர்களும், குதிரைக்காரர்களும், பனி உடை வாடகைக்கு விடுவோரும் கொதித்தெழுந்தனர். பருவகாலத்துச் சில மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துகிறவர்கள் இவர்கள். பனியைக் காக்கும் செலவை மலைவாசி மட்டும் ஏன் ஏற்க வேண்டும் என்ற அவர்களது கேள்விக்கு நேர்மையான பதில் இதுவரை கிடைக்கவில்லை.

இந்நிலையில்தான், 2020 அக்டோபர் 3-ஆம் தேதி அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, கணவாயில் ஏறாமலேயே மலைக்கு அப்பாலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கைச் சென்றடைய வழி செய்தது. மணாலி-லே தூரம் 46 கிலோமீட்டர் குறைந்தது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்த லாஹௌல் மக்களுக்கு இது மறுவாழ்வு. பிரசவத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். சுரங்கமே வந்திருக்கக் கூடாது என்று தில்லியில் அமர்ந்து பேசுவது எளிது.

ஆனால், கணவாய்க்கு உண்டான வரம்பு சுரங்கத்துக்கு இல்லை. 2023 கிறிஸ்துமஸையொட்டி ஒரே நாளில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் இதைக் கடந்தன. நெரிசலுக்குத் தப்ப நினைத்த ஒருவர் சந்திரா நதிக்குள்ளேயே ஜீப்பை ஓட்டிச் சென்ற காட்சி நாடு முழுவதும் பரவியது. காவல்துறை அபராதம் விதித்தது. அந்தச் சந்திரா நதிக்கு நீரூட்டும் பனியாறுகளில் ஒன்று சோட்டா சிக்ரி. 2002 முதல் விஞ்ஞானிகளால் அளக்கப்பட்டு வரும் இது, தொடர்ந்து நிறை இழந்து வருகிறது. உலகம் வெப்பமடைவதே இதற்கு முதன்மைக் காரணம். இருந்தாலும், நம் கார்களின் புகைக்கும் அதில் பங்கில்லை என்று கைகழுவிவிட முடியாது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 2017-இல் இமாசல அரசுப் போக்குவரத்துக் கழகம் மணாலி-ரோத்தாங் தடத்தில் மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் சுற்றுலா வாகனங்களில் குப்பைத் தொட்டி கட்டாயமாக்கப்பட்டது, இல்லாவிட்டால் ரூ.10 ஆயிரம் அபராதம். இவை போதுமா? காரை மணாலியிலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுவதற்குப் பயணி தயாராக இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது அது. ஒரு நாளில் ஓடிப்போய்ப் படமெடுத்துத் திரும்புபவரைவிட, ஊர்க்காரர் வீட்டில் நான்கு நாள் தங்குபவரால் ஊருக்கு வருவாய் அதிகம், மலைக்குப் புகை குறைவு.

மணாலிக்கு அருகிலுள்ள கோஷால் உள்ளிட்ட சில கிராமங்களில், மகர சங்கராந்திக்குப் பின் 42 நாள்கள் உரத்த ஓசை எழுப்புவதில்லை. தெய்வங்கள் தவத்தில் இருப்பதாக நம்பிக்கை. அந்நாள்களில் நிலத்தையும் உழுவதில்லை. தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொள்வது இம்மலைகளுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

லாஹௌல்-ஸ்பிதி, அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் இடம்பெற்ற பழங்குடியினர் மாவட்டம். 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் அங்குள்ள கிராம சபைகளுக்குத் தனி அதிகாரங்களை அளித்துள்ளது. நாளொன்றுக்குச் சுரங்கத்தைக் கடந்து எத்தனை சுற்றுலா வாகனங்கள் வரலாம் என்ற முடிவை எடுக்கும்போது, சிம்லாவும் தில்லியும் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சபைகளைத்தான்.