கவசம் செய்வோருக்குக் காவல் எங்கே?

ஏற்றுமதி என்ற சொல்லைக் கேட்டதும் தூத்துக்குடித் துறைமுகமும், அங்கே அடுக்கடுக்காய் நிற்கும் இரும்புப் பெட்டிகளும், அலை கிழித்துச் செல்லும் கப்பலும் நம் கண்முன் தோன்றுகின்றன. அந்தக் கடல்வழிக்குக் கட்டணம் என்ன, காலம் எத்தனை நாள் என்று கணக்கிட்டுச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் சரக்கு கடலைக் காணுமுன் கடந்தாக வேண்டிய வழி இன்னொன்று உண்டு. துணிக் கிடங்கிலிருந்து கட்டிங் மேசைக்கு, கட்டிங்கிலிருந்து தையல் வரிசைக்கு, தையலிலிருந்து டேப் ஒட்டும் இயந்திரத்துக்கு, பிறகு செக்கிங், அதன்பின் பேக்கிங். நான்கு சுவருக்குள் ஓடும் அந்த வழி சில நூறு அடிகள்தாம்! அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். அந்த அடிகளில் அயலாரின் உயிரும் இருக்கிறது. நம்மவர் உயிரும் இருக்கிறது.

2020ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா நோய் பரவியபோது மருத்துவரும் செவிலியரும் அணிய வேண்டிய முழு உடல் கவச உடைக்கு நாடெங்கும் தவிப்பு. ஜனவரி 31ஆம் நாளே அதன் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதுவரை பனியனும் சட்டையும் தைத்த திருப்பூர், கோவைக் கரங்கள் கவசம் தைக்கத் தொடங்கின. 1956இல் கோவையில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் துணியைச் சோதித்துச் சான்று தந்தது. மே மாத நடுவில் நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்கு 4 லட்சத்தைத் தாண்டியது. ஜூன் இறுதியில், மாதம் 50 லட்சம் உடைகள் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு வழிவிட்டது. ஜூலையில் மட்டும் 23 லட்சம் உடைகள் ஐந்து நாடுகளுக்குச் சென்றன. ஒரு கோடைக்குள் நடந்த சாதனை இது. பெருமைப்படுகிறோம், பெருமைப்பட உரிமையும் உண்டு.

ஆனால் அந்த உடை எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பனியனில் ஒரு தையல் விட்டுப்போனால் பீஸ் டேமேஜ். விலை குறையும், அவ்வளவே. கவசத்தில் ஊசி நுழைந்த துளையே நோய்க்கு வாசல்! அதனால்தான் தையல்மேல் டேப் வைத்து, சூடான காற்றால் இளக்கி, துளைகளை மூடுகிறார்கள். அதனால்தான் செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்தி, துணி தாங்குகிறதா, தையல் தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். சான்று கிடைப்பது குறிப்பிட்ட துணிக்கும், குறிப்பிட்ட டேப்புக்கும், அவற்றால் தைத்த உடைக்குமே. கிடங்கிலோ இரண்டு வெள்ளை ரோல்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று சான்று பெற்றது, மற்றது பெறாதது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே! அவசரத்தில் கை மாறி எடுத்தால், சோதனைச்சாலை தந்த சான்று வெறுங் காகிதம் ஆகிவிடாதா?

இதற்குத் துணை நிற்பது ஒரு சின்னஞ்சிறு சீட்டு. எந்த ரோல், எந்த லாட், எந்த அளவு, எத்தனை பீஸ் என்று எழுதி ஒவ்வொரு பண்டலோடும் செல்லும் சீட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த 2016/425 என்ற ஒழுங்குவிதி, பாதுகாப்பு உடையில் வகையெண்ணோ, லாட் எண்ணோ, வரிசையெண்ணோ இருந்தாக வேண்டும் என்கிறது. ஒரு பெட்டியில் குறை தெரிந்தால் அந்த லாட்டை மட்டும் திரும்பப் பெறலாம். சீட்டு தவறிப்போயிருந்தால்? கெட்டது எது, நல்லது எது என்று சொல்ல ஆளில்லை. எந்த மருத்துவமனையில் எந்தச் செவிலியின் தோளில் அந்தக் குறையுள்ள உடை இருக்கிறதோ, யார் அறிவார்?

அந்தச் சீட்டைக் காப்பவர் யார்? பொறியாளரா, மேலாளரா? இல்லை! ஹெல்பர் என்றும், கைமடி என்றும் அழைக்கப்படும் தாய்மார்கள்; கூலிப் பட்டியலின் அடிவரிசையில் நிற்பவர்கள். பண்டலைத் தோளில் சுமந்து வரிசை வரிசையாகக் கொண்டு சேர்ப்பவர்கள் அவர்களே. சீட்டை ஊசியால் குத்திவைக்கவும் முடியாது. குத்தினால் கவசத்தில் ஓட்டை. தரையில் இழுத்துச் செல்லவும் கூடாது. உராய்ந்தால் மேற்படலம் கெடும். இத்தனையும் அறிந்து நடப்பவரை “சும்மா தூக்கிப் போடுகிற வேலை” செய்பவர் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தையல் வேகமாக நடக்கும்; டேப் ஒட்டுவது மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே டேப் இயந்திரத்தின் முன்னே பண்டல்கள் மலையாகக் குவியும். குவிவது நடைவழியில்! துணியோ 160 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் உருகிவிடும் பாலிபுரொப்பிலீன். பக்கத்திலே பலநூறு டிகிரிக் காற்றைக் கக்கும் இயந்திரம். தீ வந்தால் ஓட வழி எங்கே?

வீண் அச்சம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2012 நவம்பர் 24ஆம் நாள், வங்கதேசத் தலைநகர் தாக்காவை அடுத்த ஆசுலியாவில், தாஸ்ரீன் என்ற ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. துணியும் நூலும் குவித்திருந்த தரைத்தளத்தில் தீ பிடித்தது. மாடிப்படிகள் எல்லாம் அந்தத் தரைத்தளத்தில்தான் வந்து இறங்கின. குறைந்தது 112 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் தைத்தது கவச உடையல்ல. ஆனால் சரக்கு நின்ற இடம் மனிதன் நடக்க வேண்டிய இடம் என்பதில் வேற்றுமை இல்லை.

ஆகவே நாம் கேட்பது அரண்மனையை அல்ல. நடைவழிக்குத் தரையில் கோடு கிழியுங்கள். கோட்டுக்குள் ஒரு பண்டலும் வைக்காதீர்கள். தோளுக்குப் பதில் தள்ளுவண்டி கொடுங்கள். பண்டலுக்கு மூடியுள்ள கூடையும், கூடையில் சீட்டுக்கு ஓர் உறையும் வையுங்கள். டேப் இயந்திரம் தாங்கும் அளவுக்கே கட்டிங்கிலிருந்து சரக்கை இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டைக் காக்கும் கையைத் தொழில் தெரிந்த கையென்று எண்ணி, அதற்குத் தக்க கூலி கொடுங்கள்.

“செலவு கட்டுப்படியாகாதே, வெளிநாட்டான் விலையைக் குறைக்கிறானே” என்பார்கள் முதலாளிமார். அதிலே உண்மை இல்லாமலில்லை. அப்படியானால் அவனிடமும் கேளுங்கள்! லாட் எண் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவனுக்கு, அந்த எண்ணைச் சுமந்து வருபவளின் கூலியில் பங்கு கொடுக்கவும் தெரிய வேண்டும்.

கடல் கடந்த நாட்டுச் செவிலிக்குக் கவசம் செய்து அனுப்புகிறோம். செய்பவளுக்கு ஒரு தள்ளுவண்டியும் தடையற்ற வழியும் தர நமக்கு மனமில்லையா?