பட்டு விசிறி ஏந்திய பாவை!

அந்தப் படத்தில் வண்ணமே கிடையாது. எல்லாம் கறுப்பு மை. ஒரு பாறை, சில மூங்கில் இலைகள். அருகே ஓர் அழகி நிற்கிறாள். கையில் வட்டமான பட்டு விசிறி. முகத்தில் சிரிப்பு இல்லை.

சீன நாட்டின் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இந்தப் படம் இருக்கிறது. வரைந்தவர் தாங் யின். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓவியர்.

இது சுவரில் தொங்கவிடும் படம். காகிதத்தில் வரைந்து, பின்னால் பசை தடவி இன்னொரு காகிதம் ஒட்டுவார்கள். ஓரங்களுக்குப் பட்டு வைப்பார்கள். அடியில் ஓர் உருளைக் கட்டை. பார்த்து முடிந்ததும் பாயைப் போலச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

சரி, அழகி ஏன் வாடி நிற்கிறாள்?

பல்லக்கில் ஏற மறுத்தாள்

கோடையில் விசிறி கையை விட்டு இறங்காது. குளிர்காற்று வந்ததும் பெட்டிக்குள் போய்விடும். கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சீனர்கள் சொல்லும் உவமை இது. இதற்குக் காரணமானவள் பான் என்ற அரண்மனை அழகி.

2,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவை ஆண்டவர் செங் சக்கரவர்த்தி. அவருடைய மனைவியருள் ஒருத்தி பான். அழகோடு படிப்பும் உள்ளவள்.

ஒருநாள் தன்னுடன் பல்லக்கில் வரும்படி சக்கரவர்த்தி அழைத்தார். பான் மறுத்துவிட்டாள். பழைய படங்களில் நல்ல அரசர்களின் பக்கத்தில் அமைச்சர்கள் இருக்கிறார்கள். நாட்டை இழந்த அரசர்களின் பக்கத்தில்தான் ஆசை நாயகிகள் இருக்கிறார்கள் என்று காரணமும் சொன்னாள்! சக்கரவர்த்தியின் தாயார் இதைக் கேட்டு மெச்சினார்.

வந்தாள் நாட்டியக்காரி

பிறகு ஜாவோ ஃபெய்யான் என்ற நாட்டியக்காரி அரண்மனைக்கு வந்தாள். சக்கரவர்த்தியின் மனம் அவள் பக்கம் சாய்ந்தது. கி.மு. 18-ல் பான் மீது பழி விழுந்தது. சூனியம் வைத்தாள் என்றார்கள்.

பான் கலங்கவில்லை. தெய்வத்துக்கு அறிவு இருந்தால் கெட்ட வேண்டுதலைக் கேட்காது. அறிவு இல்லை என்றால் வேண்டி என்ன பயன் என்று கேட்டாள். சக்கரவர்த்தி வாயடைத்துப் போனார். பொன் கொடுத்து அனுப்பினார்.

ஆனாலும் அங்கே இருப்பது ஆபத்து என்று அவளுக்குத் தெரிந்தது. மாமியாருக்குப் பணிவிடை செய்வதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். தன்னைக் குளிர்காலத்து விசிறியாக நினைத்து அவள் ஒரு பாட்டு எழுதினாள் என்பார்கள்.

ஓவியரின் கதையும் அதுதான்

தாங் யின் சுசோ நகரத்து உணவு விடுதிக்காரரின் மகன். 1498-ல் மாகாணத் தேர்வில் முதல்வராகத் தேறினார். ஊரே கொண்டாடியது. பெரிய பதவி காத்திருந்தது.

மறு வருஷம் தலைநகரில் தேர்வு. கேள்விகளை முன்கூட்டியே லஞ்சம் கொடுத்து வாங்கினார்கள் என்று புகார் எழுந்தது. தாங் யின் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது பதவிக் கனவு போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, படம் விற்று வயிறு வளர்த்தார். 1524-ல் காலமானார்.

இந்தப் படத்தின் மேலேயே தாங் யின் ஒரு பாட்டும் எழுதியிருக்கிறார். காற்று அடிக்கும் பக்கம் சாய்வதுதான் உலகம் என்பது அதன் கருத்து. அழகிக்காக மட்டுமா அதை எழுதினார்? ஒரே வருஷத்தில் உயர்ந்து, ஒரே வருஷத்தில் விழுந்தவர் அல்லவா அவர்!

சக்கரவர்த்தி போனார். நாட்டியக்காரியும் போனாள். அழகியின் கையில் விசிறி மட்டும் அப்படியே இருக்கிறது.