அடைக்கோழியா, நோய்க்கோழியா? கத்தியை எடுக்கும் முன் ஒரு நாள் பொறுங்கள்

கோழி வளர்ப்புத் தொழில் என்றதும் பெரிய கொட்டகையும் ஆயிரக்கணக்கான கோழிகளுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதிகளின் தோட்ட லயங்களிலும் நகரத்துக் கடைகளின் பின்புறங்களிலும் சத்தமில்லாமல் வேறொரு தொழில் நடந்து வருகிறது. ஐந்தாறு ஊர்க்கோழிகள், ஒரு சேவல், பழைய பலகையில் அடித்த ஒரு கூடு. முட்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு, மிஞ்சினால் அயல் வீட்டுக்கு. பெருநாளோ தீபாவளியோ நெருங்கினால் இரண்டு சேவல் விற்பனைக்கு. கணக்குப் புத்தகம் இல்லாவிட்டாலும் இதுவும் ஒரு முதலீடுதான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தீன் விலை உயர்ந்து, பண்ணைகள் கோழிகளைக் குறைத்து, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முற்றத்தில் நான்கு கோழி வைத்திருந்த வீடுகளுக்கு அவற்றின் பெறுமதி அப்போது நன்றாகவே விளங்கியது.

இந்தச் சிறு முதலீட்டுக்கு வரும் நட்டங்களில் ஒன்று, பார்த்த பார்வையில் எடுக்கும் தவறான முடிவினால் வருவது. ஒரு கோழி திடீரெனக் கூட்டை விட்டு அசைவதில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கிடக்கிறது. தீனைத் தொடுவது குறைவு. கொண்டை வெளிறியிருக்கிறது. ஒரு வீட்டில் இதை நோய் என்று எண்ணி, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள் அல்லது அறுத்துவிடுகிறார்கள். இன்னொரு வீட்டில் உண்மையிலேயே நோயில் விழுந்த கோழியை அடைக்கோழி என்று நினைத்து, அதன் கீழ் பத்து முட்டையை வைத்து, மற்றக் கோழிகளோடு விட்டுவிடுகிறார்கள். முதல் தவறில் ஒரு கோழி போகும். இரண்டாவது தவறில் கூடே காலியாகலாம்.

ஏன் இந்தக் குழப்பம்?

அடை கிடப்பது நோயல்ல. கோழியின் மூளையடியிலுள்ள ஒரு சுரப்பி புரோலக்டின் எனும் ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரப்பதே இதற்குக் காரணம். இந்த ஹோர்மோனை ஊசி மூலம் செலுத்திக் கோழியை அடைக்கு உட்கார வைக்க முடியும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஒஸ்கார் ரிடிலும் அவரது குழுவினரும் 1935 இல் காட்டினர். இது கூடும்போது முட்டை உற்பத்தி நின்றுவிடுகிறது. கொண்டை சுருங்கி நிறம் குறைகிறது. பசி குறைந்து உடல் எடையும் இறங்குகிறது. அதாவது, சுகமான அடைக்கோழியே நோயாளியின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

மலையகத்தின் குளிர் இந்தக் குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்தரையில் உறைபனி படிவதுண்டு. அந்த நேரத்தில் சுகமான கோழியும் இறகைச் சிலிர்த்துக்கொண்டுதான் நிற்கும். எனவே இறகு சிலிர்த்திருப்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இன்னொரு விடயம். முட்டைக்கென்று பண்ணைகளில் வளர்க்கப்படும் கலப்பினக் கோழிகளில் அடை கிடக்கும் குணம் பல தலைமுறைத் தெரிவின் மூலம் பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளது. ஊர்க்கோழி கூட்டில் கிடந்தால் முதலில் அடை என்று நினைக்கலாம். பண்ணை முட்டைக்கோழி அப்படிக் கிடந்தால் முதலில் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தூக்கி இறக்கிப் பாருங்கள்

செலவில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. காலையில் பிரட்டுக்குப் போகும் முன்போ மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பின்போ கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். கோழியைக் கூட்டிலிருந்து தூக்கிச் சில அடி தள்ளித் தரையில் விடுங்கள். பக்கத்தில் கொஞ்சம் தானியமும் தண்ணீரும் வையுங்கள்.

அடைக்கோழி சும்மா இருக்காது. கையை நீட்டும்போதே உறுமும், உடலை விரித்துக் கொத்த வரும். தரையில் விட்டால் ‘கொக், கொக்’ என்று இடைவிடாமல் சத்தமிட்டபடி நடக்கும். அவசரமாகத் தின்னும், குடிக்கும். நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்த எச்சத்தைப் பெரிய கட்டியாக, கடும் நாற்றத்துடன் இடும். இதைக் கழிச்சல் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். மண்ணில் புரண்டுவிட்டுச் சிறிது நேரத்தில் தானாகவே கூட்டுக்குத் திரும்பும். கண் தெளிவாக இருக்கும். நெஞ்சுப் பகுதியில் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருப்பதையும் காணலாம்.

நோய்க்கோழி எதிர்ப்புக் காட்டாது. விட்ட இடத்திலேயே நிற்கும். கண் பாதி மூடியிருக்கும், இறக்கையும் வாலும் தொங்கும். அதற்குக் கூடுதான் வேண்டும் என்பதில்லை, எந்த மூலையிலும் குந்திக்கொள்ளும். எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ நீராகப் போகும், சில நோய்களில் இரத்தமும் கலந்திருக்கும். மூக்கு ஒழுகுதல், மூச்சு இழுக்கும் சத்தம், கொண்டை கருநீலமாதல், கழுத்து திருகுதல் ஆகியவை தெளிவான அபாய அறிகுறிகள். கழுத்தடியிலுள்ள தீன்பையை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். முதல் நாள் தின்றது கரையாமல் கெட்டியாக இருந்தால் அதுவும் நோயே.

இரண்டிலும் சேராத மூன்றாவது நிலை, முட்டை உள்ளே சிக்கிக்கொள்வது. கோழி கூட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கும், முக்கும், வால் கீழே இறங்கி உடல் நிமிர்ந்து நிற்கும். அதைச் சூடான, அமைதியான இடத்தில் வைத்து, தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் கோழியைத் தனியாக வைத்து ஒரு நாள் அவதானியுங்கள். அடைக்கோழி சில நாள் கழித்து நோயாளியாக மாறுவதும் உண்டு. கூட்டை விட்டு அசையாத கோழியில் பேனும் உண்ணியும் பெருகி இரத்தத்தை உறிஞ்சிவிடும். அடுப்புச் சாம்பலை மண்ணோடு கலந்து ஒரு பெட்டியில் வைத்தால் கோழி அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அடை என்றால்: குஞ்சா, முட்டையா?

இங்கேதான் வியாபாரக் கணக்கு வருகிறது. ஊர்க்கோழி பொதுவாகப் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். பொரிக்க 21 நாள், குஞ்சோடு திரிய ஏறத்தாழ இரண்டு மாதம். ஆக 80 நாளளவில் முட்டை இல்லை. அடையைக் கலைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் இடத் தொடங்கும்.

ஓர் உதாரணம். பத்து முட்டையை அடைக்கு வைக்கிறீர்கள். இழந்த நாட்களில் இன்னும் 25 முட்டை கிடைத்திருக்கும் என்று கொள்வோம். அப்படியானால் உங்கள் செலவு 35 முட்டை. பதிலுக்கு ஏழு குஞ்சு பொரித்து, கீரி, காகம், குளிர் மூன்றுக்கும் தப்பி நான்கு வளர்ந்தால், 35 முட்டைக்கு நான்கு கோழி. அவை வளர ஐந்தாறு மாதத் தீனும் வேண்டும். இன்றைய சந்தை விலையில் பெருக்கிப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

குஞ்சு வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளையே வையுங்கள். குளிர்ப் பகுதியில் கோழியின் உடல் முழுமையாக மூடக்கூடிய எட்டுப் பத்து முட்டை போதும். காய்ந்த மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள். ஏழாம் நாள் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, இரத்த நாளம் தெரியாத முட்டைகளை அகற்றுங்கள். ஹட்டன் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை என்பதால், பெப்ரவரி, மார்ச்சில் குஞ்சு வெளிவருமாறு திட்டமிடுவது நல்லது.

முட்டைதான் வேண்டுமென்றால், அடியில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கூண்டில், புல்லோ சாக்கோ போடாமல், தீனும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வையுங்கள். வயிற்றடிச் சூடு தணிய அடை கலையும். கோழியைத் தண்ணீரில் முக்கியெடுக்கும் பழைய வழக்கம் நுவரெலியாக் குளிருக்கு ஏற்றதல்ல. அடையைக் கலைக்கப் போய்க் கோழியையே இழக்க நேரிடும்.

நோய் என்றால்

உடனே தனிமைப்படுத்துங்கள். அதன் தண்ணீர்ப் பாத்திரத்தையும் வேறாக்குங்கள். வீட்டில் மிஞ்சிய மனித மருந்தை உடைத்துக் கொடுக்க வேண்டாம். ராணிக்கெட் என்று அழைக்கப்படும் நியூகாசில் நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. அடுத்தடுத்து இரண்டு மூன்று கோழி செத்தால் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய காரியாலயத்துக்கு அறிவியுங்கள். செத்தவற்றை ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

தடுப்பு மருந்துக் குப்பி ஒன்று பெரும்பாலும் நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளுக்கானது. கரைத்தால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும். ஐந்து கோழி உள்ள வீட்டுக்கு அது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் ஒரு லயத்தின் எல்லா வீடுகளும் ஒரே நாளில் சேர்ந்தால் கோழி ஒன்றுக்கான செலவு மிகச் சிறிதாகும். ஒரு வீட்டுக் கோழிக்கு வரும் நோய் அடுத்த கதவைத் தட்டாமல் விடாது என்பதால், இந்தக் கூட்டு முயற்சி எல்லோருக்கும் இலாபமே.

கடைசியாக ஒன்று. நோய்க்கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கைமாற்றிவிடுவது நட்டத்தைத் தவிர்ப்பதல்ல, அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவதாகும். குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கம் அனுமதிப்பதில்லை. வாங்கியவரின் கூட்டில் நோய் பரவினால், அடுத்த முறை உங்கள் நல்ல கோழிக்கும் விலை கிடைக்காது. ஐந்து கோழி வைத்திருப்பவருக்கும் நாணயம்தான் பெரிய மூலதனம்.