டிபாசிட் போனால் எல்லாம் போச்சா?

"இவங்களுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடுமே, அண்ணே!"

தேர்தல் வந்துவிட்டால் நம் தோட்டப்புறங்களில் அடிபடும் பேச்சு இது. 'இவங்க' என்பது மலேசிய சோசலிசக் கட்சியைத்தான்.

கெப்பாலா பத்தாஸ் மக்களுக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். 2011 ஜூன் 25-ஆம் தேதி, இவர்களின் பிரச்சாரப் பேருந்தைப் போலீஸ் மறித்து 30 பேரைப் பிடித்தது இந்த வட்டாரத்தில்தான். பேருந்தில் சின் பெங் படம் போட்ட சட்டைகள் இருந்ததாம். கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள், பேரரசருக்கு எதிராகப் போர் தொடுக்கப் பார்த்தார்கள் என்று சந்தேகம். ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தில் விசாரணையின்றி அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். ஜூலை 29-இல்தான் வெளியே விட்டார்கள்.

1948-இல் வந்த அவசரகாலத்தைப் பார்த்த நம் பெரியவர்கள் 'கம்யூனிஸ்ட்' என்ற சொல்லையே வாயில் எடுக்கப் பயந்தார்கள். இவர்களோ தங்களைச் சோசலிஸ்டுகள் என்றே சொல்கிறார்கள். 1998-இல் தொடங்கிய கட்சிக்குப் பதிவு கிடைத்ததே 2008-இல்.

அதே 2008-இல் கெஅடிலான் சின்னத்தில் நின்ற ஜெயக்குமார், சாமிவேலுவை 1,821 ஓட்டில் வென்றார். கோத்தா டாமன்சாரா சட்டமன்றத் தொகுதியில் டாக்டர் நசீர் ஹஷிம் வென்றார். 2013-இல் அங்கே பாஸ் கட்சியும் நின்றது. ஓட்டு பிரிந்தது, தேசிய முன்னணி ஜெயித்தது. 2018-இல் கட்சி தனித்து நின்றது. ஜெயக்குமாருக்கே 1,505 ஓட்டுத்தான். 2025 ஏப்ரலில் பேராக் ஆயர் கூனிங் சட்டமன்ற இடைத்தேர்தலில் பவானிக்கு 1,106 ஓட்டு.

சட்டமன்றத்துக்கு டிபாசிட் 5,000 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அது அம்போ! பணக்காரக் கட்சிக்கு அது ஒரு நாள் செலவு. உண்டியல் குலுக்குகிற கட்சிக்கு அப்படியா?

ஆகவே ஓட்டு பிரியும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால், தோட்டத்து மக்களுக்கு வீடு, நியாயச் சம்பளம் என்று தோற்ற பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களை ஓட்டை மட்டும் எண்ணித் தள்ளிவிடலாமா?

அடுத்த தடவை எந்தக் கட்சிக்காரர் லயத்துக்கு வந்தாலும் ஒரே கேள்வி கேட்போம்: "தேர்தல் இல்லாத நாள்லே எங்கே இருந்தீங்க? லயத்தைக் காலி பண்ணச் சொன்னப்போ வந்தீங்களா?"

பதிலைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுவோம். யாருக்கு என்பது நம் மனசாட்சிக்குத் தெரிந்தால் போதும்.