ரீஜெனை நம்பிப் பிரேக்கை மறக்காதீர்கள்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் மின்சாரக் கார் ஓட்டுகிறவர்களிடம் ஆபத்தான பழக்கம் ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். ஊருக்குள் வைத்திருந்த உச்ச அளவு ரீஜெனை (ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்) மாற்றாமலேயே நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கிறார்கள். பிரேக்கை மிதித்ததுபோல வேகம் விழுகிறது. பின்னால் வரும் லாரிக்காரர் அதை எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி, ஓடும் காரின் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. நின்று நின்று போகும் நகர நெரிசலில் இது நல்ல லாபம். நெடுஞ்சாலையில் சொற்பம்தான். அங்கே மின்சாரத்தைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. அதற்குக் கொடுத்தது திரும்பாது. மீட்ட மின்சாரத்திலும் ஒரு பங்கு வழியிலேயே வீணாகிறது. ஆகவே ரீஜெனைக் குறைத்துவைத்து, தூரத்தில் தடை தெரிந்ததுமே காலை மெல்லத் தளர்த்தி உருளவிடுவதுதான் சிக்கனம். மழையில் இன்னும் குறையுங்கள். ஈரச் சாலையில் பலத்த ரீஜென் சக்கரத்தை வழுக்கவைக்கும்.

உங்கள் காரின் பிரேக் லைட் எப்போது எரிகிறது என்று தெரியுமா? ஐ.நா.வின் 13-எச் விதிப்படி, ரீஜெனால் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் லைட் எரிந்தே ஆக வேண்டும். 0.7 வரை எரியக் கூடாது. இடைப்பட்டது நிறுவனத்தின் விருப்பம். 2023-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், சில ஹூண்டாய், கியா மின்சாரக் கார்கள் காலை முழுதும் எடுக்காதவரை லைட் எரியாமலேயே கடுமையாக வேகம் குறைவதைச் சோதித்துக் காட்டியது. சாவி கொடுக்கும்போது மாலை போட்டுப் படமெடுக்கத் தெரிந்த ஷோரூம்கள் இதைச் சொல்வதில்லை. உரிமம் கொடுக்கும் அலுவலகமும் சொல்லித்தருவதில்லை. ஓர் இரவு, ஆளில்லாச் சாலையில், நண்பரைப் பின்காரில் வரச்சொல்லி நீங்களே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மலை. ஊட்டியில் இரவு தங்கி, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் மேட்டுப்பாளையம் இறங்குகிறார்கள். நிறைந்த பேட்டரி மேற்கொண்டு வாங்காது; குளிர்ந்த பேட்டரி தயங்கித்தான் வாங்கும். நேற்று இழுத்துப் பிடித்த கார் இன்று கொண்டை ஊசி வளைவில் பிடிக்காமல் ஓடும். மலை உச்சியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். இறங்கும்போதே கொஞ்சம் ஏறும். எங்கே ஓட்டினாலும் வலது கால் பிரேக்குக்குப் போகத் தயாராக இருக்கட்டும். ரீஜென் வேகத்தைக் குறைக்கும். அவசரத்தில் காரை நிறுத்த வேண்டியது பிரேக்தான்.

ரீஜென் தானாக விட்டுப்போகிறது, லைட் எரியவில்லை என்றால் என்ன செய்வது? பெரும்பாலோர் சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு, “அப்டேட் போட்டாச்சு சார்” என்ற பதிலோடு திரும்புகிறார்கள். அந்தப் பதில் எந்த மன்றத்திலும் நிற்காது. ஜாப் கார்டில் எழுதவையுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், அப்போதைய வேகம், பேட்டரி சதவீதம், ரீஜென் அளவு, நடந்தது என்ன. “பொதுச் சோதனை” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் வாங்குங்கள். வேலை முடிந்ததும் பழைய, புதிய சாஃப்ட்வேர் எண்களைப் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். இவற்றை அன்றே நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூடவே, பரிவாகன் தளத்தில் வாகனத் திரும்ப அழைப்புக்கான பக்கத்திலும் பதியுங்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, கோளாறுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அங்கே புகார்களின் எண்ணிக்கைக்கு மதிப்புண்டு. நம் ஒருவர் புகாரால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவதால்தான் எண்ணிக்கை சேர்வதில்லை.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். சொந்த உபயோகத்துக்காக 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய கார் என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய் கட்டணம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கோளாறைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதை மனுவிலேயே கேளுங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள்தான் கெடு. அடுத்த சர்வீஸில் சரியாகிவிடும் என்ற பேச்சிலேயே அந்தக் கெடுவைக் கடத்திவிடாதீர்கள்.

விபத்தே நடந்திருந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை காரில் எந்த அப்டேட்டும் போடக் கூடாது என்று சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.