மாடல் போன காருக்கு ஒரு கைப்பிடி

“அந்த மாடல் போயிடுச்சு சார்.”

பழைய கார் வைத்திருப்பவர்கள் உதிரிபாகக் கடைகளில் கேட்டுச் சலித்த பதில் இது. நெய்வேலி மெயின் பஜாரில் கேட்டாலும் இதுதான். பஸ் ஏறிச் சென்னை ஜி.பி. ரோட்டுக்கே போனாலும் பல சாமான்களுக்கு இதுதான். கடைசியில் புதுப்பேட்டை. பிரித்துப் போட்ட வண்டிகளின் குவியலைக் கிளறினால் கேட்டது அகப்படலாம். ஆனால் அதுவும் நம் வண்டியில் இருப்பதைப் போலவே நாற்பது, ஐம்பது வருஷம் உழைத்துத் தேய்ந்ததாகத்தான் இருக்கும்.

நெய்வேலி நகரியமும் அம்பாசடர் காரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைத் தயாரிக்க ஆரம்பித்ததும் அதே சமயத்தில்தான். 2014 மே மாதத்தோடு அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. அம்பாசடர் ஏராளமாக ஓடிய வண்டி என்பதால் அதற்கு இன்னும் ஓரளவு சாமான் கிடைக்கிறது. பிரீமியர் பத்மினிக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். பரிதாபம் என்றால் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான். நம் வண்டலூர்ப் பக்கத்துத் தயாரிப்பு. 1961-ல் தொடங்கிப் பத்தாண்டு காலம் வந்தது. அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்து விற்கிறார்கள். ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்த வண்டி. அதன் பின்கதவுச் சாமானுக்கு லண்டனுக்குக் கடிதம் போட்டுப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் 3டி பிரிண்டர் நுழைகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்தைப் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இழைத்துக் கொடுக்கும் பெட்டி. முப்பரிமாண அச்சுக்கு அமெரிக்காவில் சக் ஹல் காப்புரிமை பெற்றது 1986-ல். இழையை உருக்கும் முறை ஸ்காட் கிரம்ப் என்பவருடையது. அவருடைய முக்கியக் காப்புரிமை 2009-ல் காலாவதியான பிறகுதான் மேசை மேல் வைக்கிற மலிவான இயந்திரங்கள் பெருகின. இன்று பாலிடெக்னிக் மாணவர்கள் கையிலும் இருக்கிறது. இழை கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. ஒரு கதவுக் கைப்பிடிக்கு நாற்பது கிராம் போதும். நாற்பது ரூபாயில் வேலை முடிந்தது என்று விளம்பரக்காரர்கள் சொல்வார்கள். முடியாது.

ஏன் என்று மற்ற ஊர்க்காரர்களைவிட நெய்வேலிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சத பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் ஜெர்மனித் தொழில்நுட்பம். அந்த நாட்டு நிலக்கரிப் படுகைகளில் மேல்மண் இளகியது. இங்கே மேலே கிடப்பது கடலூர் மணற்கல், உப்புத்தாள் மாதிரி இரும்பையே அராவிவிடும். வாளிகளின் பற்கள் மாட்ட மாட்டத் தேய்ந்தன. பாறையை முதலில் வெடி வைத்துத் தளர்த்தி, பற்களையும் இந்த மண்ணுக்குத் தக்கபடி மாற்றித்தான் சமாளித்தார்கள். ஜெர்மன்காரன் வரைபடத்தில் பிழை எதுவும் இல்லை. மண்தான் வேறு.

காருக்கும் அதே கதை. 3டி பிரிண்டரில் பழகுபவர்கள் எல்லோரும் எடுத்தவுடன் பயன்படுத்துவது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். அச்சிட எளிது, அழகாகவும் வரும். ஆனால் 60 டிகிரியை நெருங்கினாலே இளக ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைக்கூடத் தொடும். ஐரோப்பாவில் ஒருவர் அச்சிட்டு ஜம்மென்று மாட்டியிருக்கிற சோக் குமிழை அப்படியே நாமும் செய்து மாட்டினால், மத்தியானம் டூட்டி முடிந்து வந்து பார்க்கும்போது அது தலை கவிழ்ந்திருக்கும். ஏ.பி.எஸ். 100 டிகிரி வரை தாங்கும், ஆனால் பெட்ரோல் பட்டால் கெடும். வெளிப்புறச் சாமானுக்கு ஏ.எஸ்.ஏ. நல்லது, வெயிலில் வெளுக்காது. ஸ்பீடாமீட்டர், வைப்பர் மோட்டார் போன்றவற்றின் சின்னப் பற்சக்கரங்களுக்கு நைலான். ரப்பர் போல வளைய வேண்டிய வாஷர், குரோமெட்டுக்கு டி.பி.யு. எந்தச் சாமான் எங்கே உட்காருகிறது, எதைத் தொடுகிறது, எவ்வளவு சூடு வாங்குகிறது என்று தெரிந்தவர்தான் எந்த இழை என்று சொல்ல முடியும். கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் அந்த அறிவை எதிர்பார்க்க முடியாது. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.

ஒரு கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றும் கைப்பிடி. அந்தக் காலத்தில் இதைப் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசினார்கள். வருஷம் ஆக ஆக அந்தக் கலவை உள்ளுக்குள் வெடித்துப் பொரிந்து, ஒரு நாள் கையோடு வந்துவிடும். அல்லது உட்பற்கள் மழுங்கி, கைப்பிடி சும்மா சுற்றும், கண்ணாடி அசையாது. இதை ஸ்கேனரில் வைத்துப் பிரதி எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும். அனுபவசாலி என்ன செய்வார்? டிரைவர் பக்கத்துக் கைப்பிடியைத் தொடவே மாட்டார். பின்சீட்டில் ஆள் ஏறாத பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றுவார், அதுதான் குறைவாகத் தேய்ந்திருக்கும். பிறகு கதவுக்குள்ளிருந்து நீளும் தண்டின் பற்களை எண்ணி, விட்டத்தை வெர்னியரில் அளந்து, அந்தத் தண்டுக்குத் தக்கபடி உட்பல்லை வரையச் சொல்வார்.

முதல் அச்சு பொருந்தாது. துளைகள் வரைந்ததைவிடக் கொஞ்சம் சிறுத்து வருவது இந்த இயந்திரத்தின் சுபாவம். கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கூட்டி மறுபடி போட வேண்டும். கைப்பிடியைப் படுக்க வைத்து அச்சிடுவதா, நிறுத்தி வைத்தா என்பதும் கவனிக்க வேண்டிய சங்கதி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவிலுள்ள ஒட்டுதான் பலவீனமான இடம். நிறுத்தி அச்சிட்டது திருகினால் அடுக்கோடு முறியும். படுக்க வைத்தது தாங்கும்.

இத்தனைக்குப் பிறகும் கையில் இருப்பது பிளாஸ்டிக்தான். எனக்குத் தெரிந்தவரை 3டி அச்சின் நிஜமான பலன் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பிளாஸ்டிக்கை வார்ப்படத்துக்கு மூல உருவாக, அதாவது பேட்டர்னாக வைத்துக்கொள்ளலாம். முன்பு மரத்தில் இழைத்துச் செய்த பேட்டர்னுக்கு நல்ல கைவேலைக்காரர் வேண்டும், நாள் கணக்கில் ஆகும். ஒன்றிரண்டு உருப்படிக்காக அதைச் செய்து தர யாரும் முன்வர மாட்டார்கள். இப்போது ஒரு ராத்திரியில் பேட்டர்ன் தயார். அலுமினியம் ஆறும்போது சுருங்கும் என்பதால் 100 மில்லிமீட்டருக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டர் கூட்டி அச்சிட்டு, மணலில் பதித்து ஊற்றிவிடலாம். உட்பல்லை மட்டும் மணல் வார்ப்பை நம்பி விடக்கூடாது. நடுவில் ஒரு பித்தளை புஷ் கடைந்து பொருத்தி, ஸ்லாட்டிங் மிஷினில் பல் வெட்டிக்கொள்ள வேண்டும். லேத் பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை.

நுணுக்கமான உருவமாக இருந்தால் மெழுகு வார்ப்பு முறை. அதற்கு வெளிநாட்டுப் புத்தகம் புரட்ட வேண்டாம். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலால் மூடி, சூட்டில் மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகுக்குப் பதில் பி.எல்.ஏ. உருவத்தை வைத்தாலும் நடக்கும். உலைச் சூட்டில் அது எரிந்து வெளியேறிவிடும். காரின் முகப்பில் இருக்கும் எழுத்துகள், கதவுத் தாழின் வளைவுகள் எல்லாம் இதில் பிசகாமல் வரும். டாஷ்போர்டில் உதவாது என்று மேலே தள்ளிவைத்த அதே பிளாஸ்டிக் இங்கே உதவுகிறது. கொஞ்ச சூட்டில் இளகுவது அங்கே குற்றம், இங்கே குணம்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரமும் கார் பித்தருமான ஜே லெனோவும் இந்த வழியில் போனவர்தான். 1907-ல் செய்த அவருடைய ஒயிட் நீராவிக் காரில், கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் பாகம் அரித்துப் போயிருந்தது. அதை ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டுச் சரிபார்த்து, அதிலிருந்து அச்சு எடுத்து உலோகத்தில் வார்த்த கதையை 2009-ல் எழுதினார். அவரிடம் பணம் இருந்தது என்பது நிஜம்தான். ஆனால் அவர் செய்த வரிசை கோயம்புத்தூர் வார்ப்படக் கூடத்துக்குப் புதிதான ஒன்றல்ல.

போர்ஷே நிறுவனத்தின் வழி வேறு. அவர்களுடைய 959 என்ற கார் மொத்தமே 292 தான் செய்யப்பட்டது. அதன் கிளட்ச் விடுவிக்கும் நெம்புகோல் தீர்ந்துபோனதும், எஃகுத் தூளை லேசர் கதிரால் உருக்கி நேரடியாக உலோகத்திலேயே அச்சிட்டார்கள். 2018-ல் அறிவித்தார்கள். ஏறத்தாழ மூன்று டன் பாரம் ஏற்றிச் சோதித்து, உள்ளே விரிசல் உண்டா என்று டோமோகிராஃபி எடுத்துப் பார்த்து, பிறகு வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்த பின்புதான் விற்பனைக்கு வந்தது. இந்தக் கதையை முழுசாகப் படிக்காமல், ‘கிளட்ச் பாகத்தையே பிரிண்ட் பண்றாங்களாமே’ என்று கிளம்புபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பெட்ரோல் குழாய் ஆகிய நான்கின் பக்கம் மேசைப் பிரிண்டரைக் கொண்டு போகவே கூடாது. அதிலும் இன்று பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பரையே அது பதம் பார்க்கிறது. தெரியாத பிளாஸ்டிக்கை அதன் வழியில் வைத்தால் தீ விபத்தில்தான் முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதிய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. சின்னக் குமிழும் கைப்பிடியும் அந்த மூன்றில் சேராது. வடிவ உரிமையைப் பொறுத்தவரை, இந்தியாவில் பதிவு செய்த வடிவத்துக்குப் பாதுகாப்பு அதிகபட்சம் 15 ஆண்டு. ஹெரால்டு காலத்துச் சாமானை நம் வண்டிக்குச் செய்துகொள்ள அது தடையாக வராது. கம்பெனி முத்திரை போட்டு ‘ஒரிஜினல்’ என்று விற்றால் அது வேறு கணக்கு, மோசடி.

இனி நகரியத்தின் கணக்குக்கு வருகிறேன். சோவியத் உதவியில் கட்டி 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல் மின் நிலையத்தை 2020-ல் நிறுத்தும் வரை ஓட்டிக் காட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று தலைமுறை தலைமுறையாகக் கைத்திறன் இங்கே குவிந்து கிடக்கிறது. அப்ரன்டிஸ் பயிற்சிக்கு வருஷா வருஷம் பையன்களும் பெண்களும் வருகிறார்கள். ஒரு பக்கம் வெர்னியர் பிடித்துத் தேறிய கை, மறுபக்கம் கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்த கை. இரண்டையும் ஒரு மேசையில் உட்கார வைக்க யாரும் மெனக்கெடவில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், புது வீட்டில் ஷெட் இருக்காது, காரை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வண்டியோடு அதன் நெளிவு சுளிவு தெரிந்தவரும் ஊரை விட்டுப் போய்விடுகிறார்.

ஆகவே பழைய கார் வைத்திருக்கும் நெய்வேலி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிண்டர் வாங்க அவசரப்பட வேண்டாம், அது வருஷா வருஷம் மலிவாகிக்கொண்டுதான் போகும். இப்போதே செய்ய வேண்டியது அளவு எடுப்பது. வண்டியில் நல்ல நிலையில் இருக்கும் சின்னச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், வெர்னியர் அளவுகளைக் குறித்து வையுங்கள், வரையத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கும் கொடுங்கள். உடைந்துபோன கைப்பிடி, விரிசல் விட்ட விளக்குக் கண்ணாடி எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பாதி உடைந்த சாமானிலிருந்தும் அளவு எடுக்கலாம்.